இளம் எலும்பில் புற்று ஏன் வருகிறது?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது சற்றுக் கனமான பொருள். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பில் புற்றுநோய் ஏன் வருகிறது என்பதே அது. பெயரைக் கேட்டதுமே யாரும் பயந்துவிட வேண்டாம். இது மிக அரிதாக வரும் நோய். ஆனால் வந்துவிட்ட வீட்டில், நோயோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ‘இது யாரால் வந்தது?’ என்பதே அந்தக் கேள்வி. அதற்கு மருத்துவம் இன்றுவரை கண்டறிந்துள்ள விடையை எளிய முறையில் பார்ப்போம்.

நாம் ஆசிரியப் பணி செய்வது ஜொகூரில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில். ஆண்டு இறுதி விடுமுறை வந்தால் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வந்து, கேலாங்கில் உள்ள உறவினர் வீட்டில் சில நாள் தங்குவது வழக்கம். கேலாங்கை அறிந்தவர்களுக்கு அந்த நெடுஞ்சாலையும், அதன் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண்ணும் மறுபக்கம் இரட்டைப்படை எண்ணுமாகப் பிரியும் லோரோங்குகளும், சாலையோரத்து டுரியான் கடைகளும் நன்றாகத் தெரிந்திருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப் போன ஒரு விடுமுறையில், தங்கை முறையாகும் ஒருத்தியின் அடுக்குமாடி வீட்டில் நாம் கண்ட காட்சியே இந்தப் பேச்சுக்குக் காரணம்.

அவளுடைய மகனுக்கு அப்போது வயது 13. ஓராண்டில் நாலைந்து விரற்கடை உயர்ந்து, சட்டையெல்லாம் குட்டையாகிப்போன பருவம். பள்ளியில் காற்பந்து விளையாடும்போது விழுந்தான். முழங்காலுக்குச் சற்று மேலே வலி. ‘சுளுக்குத்தான்’ என்று சொல்லி, எண்ணெய் போட்டு உருவி விடுபவரிடம் ஆறு வாரம் அழைத்துப் போனார்கள். வலி குறையவில்லை. இரவில் தூக்கத்திலிருந்து எழுந்து அழ ஆரம்பித்தான். அதன் பிறகே பலதுறை மருந்தகத்துக்குப் போனார்கள். எக்ஸ்ரே எடுத்த அன்றே பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். எலும்பிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதித்து, ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்று என்று உறுதி செய்தார்கள்.

நாம் போனபோது அந்தக் கூடத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ‘பந்து விளையாட விட்டதுதான் தப்பு’ என்றார் தகப்பனார். ‘ஏழரைச் சனி பிடித்திருக்கிறது, திருஷ்டியும் பட்டிருக்கிறது’ என்றார் பாட்டி. பக்கத்து வீட்டு அம்மா, ‘குழாய்த் தண்ணியிலதான் என்னமோ கலக்கிறாங்களே’ என்றார். தாய் மட்டும் நம்மைத் தனியே அழைத்து, ‘அண்ணே, இவன் வயித்துல இருந்தப்ப நான் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டேன். அதனால இருக்குமா?’ என்று கேட்டாள். எல்லாரும் அப்பால் போன பிறகு பையனும் கேட்டான்: ‘மாமா, அன்னைக்கு நான் விளையாடப் போகாம இருந்திருந்தா இது வந்திருக்காதில்ல?’

அன்று நம்மிடம் சரியான பதில் இல்லை. ‘அப்படியெல்லாம் இல்லையடா’ என்று தோளைத் தட்டிக் கொடுத்ததோடு சரி. பிறகு மருத்துவர்களைக் கேட்டும் நூல்களைப் படித்தும் தெரிந்துகொண்டதையே இன்று உங்களிடம் சொல்கிறோம். அந்தக் கூடத்தில் சொல்லப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

அதற்கு முன், நோயைப் பற்றிச் சில சொற்கள். நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. பழையவை அழிவதும் புதியவை பிறப்பதும் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டு நடக்கின்றன. அந்த ஒழுங்கை மீறி ஓர் உயிரணு வரம்பின்றிப் பெருகத் தொடங்கினால் அதுவே புற்று. மற்ற உறுப்பில் தோன்றிய புற்று எலும்புக்குப் பரவுவது முதியவர்களிடம் அதிகம். எலும்பிலேயே தோன்றும் புற்று வேறு. அது இளையோரிடம் பெரும்பாலும் இரண்டு வகையாக வருகிறது. ஒன்று, எலும்பை உண்டாக்கும் உயிரணுக்களில் தோன்றும் ஆஸ்டியோசார்கோமா. மற்றொன்று ஈவிங் சார்கோமா. அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஈவிங் 1921ஆம் ஆண்டில் அதைத் தனி நோயாக எடுத்துக் காட்டியதால் அந்தப் பெயர் வந்தது.

எத்தனை பேருக்கு வருகிறது? 20 வயதுக்கு உட்பட்ட 10 லட்சம் பேரை எடுத்துக்கொண்டால், ஆஸ்டியோசார்கோமா ஓராண்டில் ஏறக்குறைய 4 அல்லது 5 பேருக்குத்தான் வருகிறது. சிங்கப்பூர் போன்ற சிறிய நாட்டில் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம். இத்தகைய கணக்குகளை நாம் அறிய முடிவதே சிலர் பொறுமையாக ஒவ்வொரு நோயாளியையும் பதிந்து வைத்ததால்தான். சிங்கப்பூரின் புற்றுநோய்ப் பதிவேடு 1968ஆம் ஆண்டு முதல் விவரங்களைத் திரட்டி வருகிறது. அதை அமைத்தவர் பேராசிரியர் க. சண்முகரத்தினம் என்னும் தமிழர். நோய்க்கூறு இயலில் உலக அளவில் மதிக்கப்பட்டவர். எந்த நோய் எந்த வயதில், யாருக்கு, எவ்வளவு வருகிறது என்று எண்ணிப் பார்த்தால்தான் ‘ஏன்’ என்ற கேள்விக்கே வழி பிறக்கும்.

அப்படி எண்ணிப் பார்த்ததில் முதலில் தெரிந்த உண்மை என்ன? இந்த நோய் கண்ட இடத்தில் வருவதில்லை, கண்ட வயதிலும் வருவதில்லை என்பதே. ஆஸ்டியோசார்கோமா மிகுதியாக வருவது பிள்ளைகள் கிடுகிடுவென்று உயரும் 10 முதல் 19 வயதுக்குள். பெண்பிள்ளைகள் முன்னதாகவே உயரத் தொடங்குவார்கள். நோயும் அவர்களுக்குச் சற்று இளம் வயதிலேயே தோன்றுகிறது. பையன்களுக்குச் சற்றுப் பின்னால் வருகிறது. எண்ணிக்கையும் கொஞ்சம் கூடுதல். வரும் இடமோ, பெரும்பாலும் முழங்காலை ஒட்டிய பகுதி. தொடையெலும்பின் கீழ்நுனி, கணைக்கால் எலும்பின் மேல்நுனி, அடுத்தபடியாக மேற்கை எலும்பில் தோளை ஒட்டிய பகுதி. இவை எவை தெரியுமா? நம் உடலில் மிக வேகமாக நீளும் எலும்பு முனைகள். நாய்களிலும் இதே கதைதான். வீட்டில் வளர்க்கும் குட்டை நாய்களுக்கு இந்த நோய் வருவது அரிது. கிரேட் டேன் போன்ற பேருருவ நாய்களுக்கோ இது அடிக்கடி வருகிறது.

ஆகவே வேகமான வளர்ச்சிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எப்படி என்பதற்கு நம் வகுப்பறையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம்.

கரும்பலகையில் ஒரு பாடத்தை எழுதிப்போட்டு மாணவர்களைப் பார்த்தெழுதச் சொல்கிறோம். நிதானமாக ஒரு பக்கம் எழுதுபவனுக்குப் பிழை குறைவு. மணி அடிப்பதற்குள் பத்துப் பக்கம் எழுத வேண்டியவனுக்குப் பிழை கூடும். அவன் கெட்ட பையன் என்பதால் அல்ல, எழுதுவது அதிகம் என்பதால். உயிரணு ஒன்று இரண்டாகும்போது தன்னுள் இருக்கும் மரபணுப் பாடம் முழுவதையும் பார்த்தெழுதித்தான் பிரிகிறது. வளரும் எலும்பு முனையில் இந்த எழுத்துவேலை இரவும் பகலும் நடக்கிறது. எங்காவது ஒரு பிழை விழுவது இயல்பு. பிழையைத் திருத்தவும், திருத்த முடியாத ஏட்டைக் கிழித்தெறியவும் உடலுக்குள்ளேயே ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 1979ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட பி53 என்னும் புரதம் அவர்களில் தலைமையாசிரியர் என்று சொல்லலாம். பிழையான அணு பெருகாமல் தடுப்பதே அதன் வேலை. கோடிகோடியான பிழைகள் இப்படித் திருத்தப்பட்டுவிடுகின்றன. மிக மிக அரிதாக, சில பிழைகள் ஒன்றாகச் சேர்ந்து, திருத்தும் ஆசிரியரையே செயலிழக்கச் செய்துவிட்டால், அங்கே புற்று தொடங்குகிறது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். ‘அப்படியானால் பிள்ளை உயரமாக வளர்வது ஆபத்தா?’ இல்லை. உயரமான பிள்ளைகளிடம் இந்த நோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான். ஆனால் அவர்களிலும் பல்லாயிரத்தில் ஒருவருக்குக்கூட இது வருவதில்லை. மழை பெய்தால் வழுக்கி விழ வாய்ப்புக் கூடும். மழையில் நடப்பவர்கள் எல்லாரும் விழுவதில்லை. வெயிலில் விழுபவர்களும் உண்டு. வாய்ப்பைக் கூட்டுவது வேறு, நேரடிக் காரணம் வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தகப்பனார் சொன்ன காரணம் விளையாட்டும் விழுந்ததும். இதே ஐயம் உலகறிந்த ஓர் இளைஞருக்கும் இருந்தது. கனடா நாட்டில் வளர்ந்த டெரி ஃபாக்ஸ் 1958ஆம் ஆண்டில் பிறந்தவர். ஓட்டத்திலும் கூடைப்பந்திலும் ஆர்வம் மிக்கவர். 1976ஆம் ஆண்டு நவம்பரில் அவர் ஓட்டிய கார் முன்னே இருந்த வண்டியில் மோதியது. வலது முழங்காலில் வலி தவிர வேறு பெரிய காயம் இல்லை. 1977ஆம் ஆண்டு மார்ச்சில் அதே முழங்காலில் ஆஸ்டியோசார்கோமா இருப்பது தெரிந்தது. கால் முழங்காலுக்கு மேலே அகற்றப்பட்டது. விபத்தினால் முழங்கால் பலவீனப்பட்டு நோய் வந்திருக்கலாம் என்று அவர் எண்ணினார். மருத்துவர்களோ இரண்டுக்கும் தொடர்பில்லை என்றார்கள். 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கி, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டினார். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. 1981ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று தமது 22ஆம் வயதில் மறைந்தார். இன்றும் அவர் பெயரால் பல நாடுகளில் ஓட்டம் நடத்தி நிதி திரட்டுகிறார்கள்.

விழுவதால் எலும்புப் புற்று வரும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அப்படியானால் இவ்வளவு பேர் ‘விழுந்த பிறகுதான் வந்தது’ என்று சொல்வது ஏன்? காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். 13 வயதுப் பிள்ளை விழாத வாரம் ஏது? அடிபட்ட இடத்தை நாம் தொட்டுப் பார்க்கிறோம், படம் எடுக்கிறோம். அங்கே முன்னமே ஓசையில்லாமல் வளர்ந்துகொண்டிருந்த கட்டி அப்போது கண்ணில் படுகிறது. சில வேளைகளில் நோயால் மெலிந்துபோன எலும்பு, சாதாரணமாக விழுந்ததற்கே முறிந்துவிடுவதும் உண்டு. அங்கே விழுந்ததால் நோய் வரவில்லை. நோய் இருந்ததால் எலும்பு முறிந்தது. ஆகவே பிள்ளைகளை விளையாட விடுவதில் தவறே இல்லை. கனமான புத்தகப் பையும் இந்த நோயைத் தருவதில்லை.

அடுத்து, உறுதியாக நிறுவப்பட்ட ஒரு காரணத்தைப் பார்ப்போம். அது கதிர்வீச்சு. இதை உலகம் அறிந்துகொண்ட விதம் துயரமானது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1917ஆம் ஆண்டு முதல், இருளில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த சாயம் தீட்டும் தொழிற்சாலை ஒன்று நடந்தது. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். பதின்ம வயதினரும் இருந்தார்கள். தூரிகையின் முனை கூராக இருக்க, அதை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் சிறிதளவு ரேடியம் உள்ளே போனது. ரேடியம் வேதியியலில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்துக்கு உறவு. உடல் அதைக் கால்சியம் என்றே நம்பி எலும்பில் சேமித்து வைத்தது. அங்கேயே தங்கிக் கதிர்களை வீசிக்கொண்டிருந்த ரேடியத்தால் சிலருக்குத் தாடை எலும்பு அழுகியது. சில ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு எலும்பில் புற்று தோன்றியது. அவ்வட்டாரத்தின் மருத்துவ அதிகாரி ஹாரிசன் மார்ட்லண்ட் 1920களில் இதை ஆராய்ந்து வெளிப்படுத்தினார். பாதிக்கப்பட்ட ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928ஆம் ஆண்டில் உடன்பாட்டில் முடிந்தது. தொழிலாளர் பாதுகாப்பு வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

இன்று அப்படிப்பட்ட சாயவேலை இல்லை. ஆனால் வேறொரு புற்றுநோய்க்காகச் சிறுவயதில் கதிர்ச் சிகிச்சை பெற்ற சிலருக்கு, அந்தக் கதிர் பட்ட இடத்து எலும்பில் பல ஆண்டுகள் கழித்துப் புதிதாகப் புற்று வரக்கூடும். சில வகைப் புற்றுநோய் மருந்துகளும் இந்த வாய்ப்பைச் சற்றுக் கூட்டுகின்றன. அதற்காகச் சிகிச்சையே வேண்டாம் என்பது அறிவுடைமை ஆகாது. தேவையான அளவுக்கு மட்டும் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். பின்னும் பல ஆண்டுகள் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். அந்த நாள்களைத் தவறவிடக் கூடாது. கைகால் வலிக்கு எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேயில் இருக்கும் கதிரின் அளவு மிகச் சொற்பம். அதற்கு அஞ்சிப் படம் எடுக்காமல் இருப்பதுதான் உண்மையான ஆபத்து.

மூன்றாவது, பரம்பரை. இதைப் பற்றி நம் மக்களிடையே அச்சமும் தவறான எண்ணமும் அதிகம். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு படிகளாகக் கிடைக்கிறது. ஒன்று தாயிடமிருந்து, மற்றொன்று தந்தையிடமிருந்து. ஒரு படி கெட்டாலும் மறுபடி காப்பாற்றும். சில குழந்தைகள் பிறக்கும்போதே ஒரு படி கெட்ட நிலையில் பிறக்கிறார்கள். மீதி ஒன்றும் கெட்டால் புற்று தொடங்கும். இந்த ‘இரண்டு அடி’ விளக்கத்தை 1971ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன், சிறு குழந்தைகளின் கண்ணில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்றை வைத்துச் சொன்னார். குழந்தையின் கண்மணி பூனைக்கண் போல வெண்மையாக மின்னுவது அந்த நோயின் அடையாளம். பரம்பரை வகையான கண்புற்று வந்து குணமான பிள்ளைகளுக்குப் பின்னாளில் ஆஸ்டியோசார்கோமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்மடங்கு கூடுதல். ஆகவே அத்தகைய பிள்ளைக்கு எலும்பில் வலி என்றால் காத்திருக்கவே கூடாது.

இன்னொரு வகையும் உண்டு. 1969ஆம் ஆண்டில் ஃபிரெடரிக் லீ, ஜோசஃப் ஃபிராமெனி என்னும் இரு மருத்துவர்கள், ஒரே குடும்பத்தில் இளம் வயதிலேயே பலருக்குப் பல வகைப் புற்றுநோய் வருவதைக் கண்டு எழுதினார்கள். அந்தக் குடும்பங்களில் பலவற்றில் பிழை திருத்தும் பி53 மரபணுவே பிறவியிலேயே பழுதுபட்டிருப்பது 1990ஆம் ஆண்டில் தெரிந்தது. குடும்பத்தில் பலருக்கு 45 வயதுக்குள் மார்பகப் புற்று, மூளைக் கட்டி, தசை அல்லது எலும்புப் புற்று வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்று இதற்கு இரத்தச் சோதனை இருக்கிறது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். எலும்புப் புற்று வந்த பெரும்பாலான பிள்ளைகளின் குடும்பங்களில் இப்படிப்பட்ட பரம்பரைப் பழுது இல்லை. அண்ணனுக்கு வந்ததால் தம்பிக்கும் வரும் என்று அஞ்சத் தேவையில்லை. இது தொற்றுநோயும் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. ‘அந்த வீட்டில் பெண் எடுக்கலாமா’ என்று காதோடு காதாகப் பேசுபவர்கள், ஏற்கெனவே புண்பட்ட குடும்பத்தை இன்னொரு முறை புண்படுத்துகிறார்கள்.

ஈவிங் சார்கோமாவின் கதை சற்று வேறு. அதில் 11ஆம் 22ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஏட்டின் இரு பக்கங்கள் கிழிந்து மாற்றி ஒட்டப்பட்டது போல. இது பெற்றோரிடமிருந்து வருவதல்ல. பிள்ளையின் உடலில் ஏதோ ஓர் உயிரணுவில் பின்னால் நேர்ந்த விபத்து. ஐரோப்பிய வழியினரிடம் இது கூடுதலாகவும், ஆப்பிரிக்க, கிழக்காசிய மக்களிடம் குறைவாகவும் காணப்படுகிறது.

பக்கத்து வீட்டு அம்மா சொன்ன தண்ணீருக்கு வருவோம். பற்சொத்தையைத் தடுப்பதற்காகச் சிங்கப்பூரின் குழாய்நீரில் 1950களின் பிற்பகுதியிலிருந்து சிறிதளவு ஃபுளோரைடு சேர்க்கப்பட்டு வருகிறது. அது எலும்பில் சேரும் பொருள் என்பதால் ஐயம் எழுந்தது இயற்கையே. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, பையன்களிடையே தொடர்பு இருக்கலாம் என்று சொன்னது. பிறகு நோயாளிகளின் எலும்பிலேயே ஃபுளோரைடை அளந்து பார்த்து 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அப்படித் தொடர்பு இல்லை என்று காட்டியது. ஆகவே குழாய்நீரை நாம் தாராளமாகக் குடிக்கலாம். கோழிக்கறி, முட்டை, கைத்தொலைபேசி ஆகியவற்றின் மீதும் பலர் பழி போடுகிறார்கள். அவை எலும்புப் புற்றைத் தருகின்றன என்பதற்கும் சான்று இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகளோடு வாழும் நமக்கு இன்னொரு ஐயமும் உண்டு. நம் தாய்மார்கள் முதுகில் தெளிப்பான் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்கள். விவசாய வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகளிடம் ஈவிங் சார்கோமா சற்றுக் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. இது காரணம் என்று இன்னும் உறுதிப்படவில்லை. ஆயினும் களைக்கொல்லி வேறு பல வகையில் நஞ்சு என்பதில் ஐயமில்லை. கையுறை, முகமூடி இல்லாமல் அதைத் தொடாதிருப்பதும், அந்த உடையோடு குழந்தையைத் தூக்காதிருப்பதும் எப்படியும் நல்லதே.

தாயின் கேள்விக்கு என்ன விடை? பேறுகாலத்தில் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டதால் 13 ஆண்டு கழித்துப் பிள்ளைக்கு எலும்புப் புற்று வந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. பாட்டி சொன்ன சனியைப் பற்றி மருத்துவம் எதுவும் சொல்வதற்கில்லை. கோவிலுக்குப் போவது மனத்துக்குத் தெம்பு தருமானால் போகட்டும். கேலாங் ஈஸ்ட் சிவன் கோவிலில் அந்தப் பாட்டி விளக்கேற்றியதை நாம் தடுக்கவில்லை. மருத்துவமனைக்குப் போகும் நாளைப் பெயர்ச்சி முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது என்றுதான் சொன்னோம். அவரும் தலையசைத்தார்.

ஆக, மொத்தத்தில் நாம் அறிவது என்ன? வேகமான வளர்ச்சிப் பருவம், முன்பு பெற்ற கதிர்ச் சிகிச்சை, சில அரிய பரம்பரைப் பழுதுகள் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. இவற்றில் வளர்ச்சியை நாம் தடுக்க முடியாது; பரம்பரையை மாற்ற முடியாது. நோய் வந்த பெரும்பாலான பிள்ளைகளிடம் சுட்டிக்காட்டத்தக்க புறக்காரணம் எதுவும் இருப்பதில்லை. புகையிலையை விட்டால் நுரையீரல் புற்றைத் தவிர்க்கலாம் என்பது போன்ற வழி இதில் இல்லை. காரணத்தைத் தடுக்க முடியாத நோயில் நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதுதான் காலம்.

பிள்ளைகளுக்கு இயல்பாக வரும் வளர்ச்சி வலி பெரும்பாலும் இரண்டு கால்களிலும் வரும், மாலையில் வந்து காலையில் மறைந்துவிடும், வீக்கம் இருக்காது. இதற்கு மாறாக, ஒரே இடத்தில் நிலைத்த வலி, நாளுக்கு நாள் கூடும் வலி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, அந்த இடத்தில் வீக்கம் அல்லது கட்டி, காரணமில்லாத நொண்டல், சிறு அடிக்கே எலும்பு முறிவு ஆகியவற்றில் எது இருந்தாலும் இரண்டு மூன்று வாரத்துக்குமேல் பொறுக்க வேண்டாம். பலதுறை மருந்தகத்துக்கோ அரசாங்க மருத்துவமனைக்கோ சென்று எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள். நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றொன்பது பேருக்கு வேறு ஏதாவது சாதாரணக் காரணமாகவே இருக்கும். இருந்தாலும் அந்த ஒரு படம் வீண் அல்ல. படம் எடுக்கும்வரை எண்ணெய் போட்டு உருவுவதோ, இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். மெலிந்த எலும்பு முறியக்கூடும்; பொன்னான வாரங்களும் கழிந்துபோகும்.

ஆசிரியர்களாகிய நாமும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். விளையாட்டு நேரத்தில் காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும் மாணவனை ‘நடிக்காதே’ என்று அதட்டி எழுப்பியிருக்கிறோம். அந்த விடுமுறைக்குப் பிறகு அப்படிச் செய்வதில்லை. ‘எங்கே வலிக்குது? ராத்திரியிலயும் வலிக்குதா?’ என்று இரண்டு கேள்வி கேட்கிறோம். அதற்கு ஒரு நிமிடம்தான் ஆகிறது.

சீக்கிரம் வந்தால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 1970களுக்கு முன், காலை அகற்றினாலும் ஐந்தில் ஒருவருக்குமேல் பிழைப்பது அரிதாக இருந்தது. மருந்துச் சிகிச்சை வந்த பிறகு, வேறு இடத்துக்குப் பரவாத நிலையில் கண்டறியப்பட்ட பிள்ளைகளில் மூவரில் இருவர் அளவுக்குப் பிழைக்கிறார்கள். நுரையீரலுக்குப் பரவிய பிறகு கண்டால் அந்த வாய்ப்புப் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அன்று கொடுக்கும் முக்கிய மருந்துகளில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். அதை உருவாக்கிய அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது நமக்குப் பெருமை. இன்று பலருக்குக் காலையே அகற்ற வேண்டியதில்லை. நோயுற்ற எலும்புப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு உலோக எலும்பைப் பொருத்துகிறார்கள். சிங்கப்பூரில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிறுவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை அளிக்கப்படுகிறது.

நம் மருமகனுக்கும் அப்படித்தான் உலோக எலும்பு பொருத்தினார்கள். பல மாத மருந்து, முடி உதிர்ந்தது, ஓராண்டுப் படிப்புப் போயிற்று. இப்போது நடக்கிறான். முழங்காலை முழுதாக மடக்கித் தரையில் உட்கார முடியாது, காற்பந்தும் இல்லை. பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. அச்சம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டோம்.

ஆனால் அவன் அன்று கேட்ட கேள்விக்குப் பதிலை அடுத்த விடுமுறையில் சொல்லிவிட்டோம். கரும்பலகை உதாரணத்தைச் சொல்லி, ‘நீ அன்னைக்கு வீட்டிலேயே இருந்திருந்தாலும் இது வந்திருக்கும், தம்பி. நீ விழுந்ததால்தான் கண்டுபிடிச்சாங்க’ என்றோம். கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, ‘அம்மா, மாமா சொல்றத நீயும் வந்து கேளு’ என்று கூப்பிட்டான்.